இரண்டு கடலுக்கும் ஒரு பலகை

முதலில் டெரன்ஸ் கேட்டது என் எடையை.

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
நண்டுக் கூடை, கணவாய்ப் பெட்டி,
தண்ணீர் வடிந்தபின் குறைகிற எடை
எல்லாம் மனப்பாடம்.
என்னுடையது தெரியவில்லை.
மதியம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து
பெரிய தராசில் செருப்போடு ஏறினேன்.
அறுபத்தொன்று நானூறு.
செருப்புக்கு நானூறு கழித்துக்கொண்டேன்.
மீன் கொண்டுவருகிற எல்லோருக்கும்
அப்படி ஏதாவது கழிப்பதுதான் எங்கள் வழக்கம்.

பிரப்பன்வலசையில் இறங்கி
சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அவன் கொட்டகை.
பெரிய பட்டத்தை இடுப்பில் கோத்துக்கொண்டு
காற்று இழுக்கக் கடல்மேல் வழுக்கிப் போகிற வேலை.
ஞாயிறுதோறும் வாடகைப் பலகையில் விழுந்து
மூன்று மாதம் உப்புத் தண்ணீர் குடித்தாயிற்று.
இனி சொந்தத்தில் ஒன்று.
சீட்டு எடுத்த காசு இருபத்திரண்டாயிரம்
ஊக்கு குத்திய உள்பையில் இருக்கிறது.

நீளமானது இளங்காற்றிலும் மிதக்கும்,
திருப்புவதற்குள் பாம்பன் வந்துவிடும் என்றான்.
குட்டையானது சொன்ன பேச்சுக் கேட்கும்,
காற்று விழுந்தால் உன்னோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும்.
விறைப்பானது வேகம்,
அலையில் பல் கிட்டும்.
"இது லேடீஸ் பலகை."
என்ன வித்தியாசம் என்றேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பூப் போட்டிருக்கு."

சுவரில் ஒன்று தனியாகத் தொங்கியது,
முதுகு வைத்த இரண்டு பெரிய கட்டுகளோடு.
பனிமலையில் சறுக்குவதாம், யாரோ விட்டுப்போனது.
எனக்குத் தெரிந்த பனி பாளம் பாளமாக வரும்,
அரைத்துக் கொட்டினால் சீலா மீனின் கண்ணை மூடும்.
அதன்மேல் நின்று போவார்கள் என்றால்
போகட்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்கிறார்கள்.
கச்சான் அடிக்கையில் தெற்கு துள்ளும், வடக்கு கிடக்கும்.
வாடை வந்தால் வடக்குதான் ஆளை அடிக்கும்.
பேரை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.
எனக்கு இரண்டிலும் போகணும்.

"எல்லாத்துக்கும் ஆகிற பலகை
எதுலயும் ஃபர்ஸ்ட் வராது."
"எனக்கு யாரு பந்தயம் வச்சா?"

நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர். நடுத்தர வளைவு.
ஓரத்தில் யாரோ பாறையில் உரசிய காயம்,
பசை போட்டு அடைத்திருந்தது.
அதைக் காட்டி ஆயிரத்தைந்நூறு குறைத்தேன்.

பலகையைவிடக் காலைப் பிடிக்கும் பட்டைக்குத்தான்
அதிக நேரம் ஆனது.
பூட்ஸ் மாதிரி இறுக்குவது விழுந்தாலும் விடாது,
முட்டி திருகிக்கொள்ளும்.
தொளதொளப்பானது முதல் அலையிலேயே
பலகையை இலங்கைக்கு அனுப்பிவிடும்.
என் வலது பாதத்தில் திருக்கை முள் ஏறிய தழும்பு,
அதைச் சுற்றி இரண்டு விரற்கடைக்கு உணர்ச்சி இல்லை.
இறுகியதா என்று அந்தக் கால் சொல்லாது.
குனிந்து, பட்டைக்குள் சுண்டுவிரல் விட்டுப்
பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும்.
ஒட்டுப் பட்டையைத் தளர்த்தி, இழுத்து, மறுபடி தளர்த்தி
நான் அதிலேயே இருந்தபோது
பின்னாலிருந்து ஜமீலா திடீரென்று தள்ளிவிட்டாள்.
விழாமல் ஊன்றியது வலது கால்.

"அதான் உன் முன்னங்கால்," டெரன்ஸ் சொன்னான்.
இரண்டு பக்கமும் போகிற பலகைதான்;
ஆனாலும் பயத்தில் எது முந்தும் என்று
தெரிந்திருக்கணுமாம்.
உணர்ச்சி செத்த அந்தக் கால்.
நான் இத்தனை நாளும் பின்னால் வைத்திருந்த கால்.

எட்டுத் திருகாணியில் ஒன்று குறைந்தது.
பனிப்பலகையிலிருந்து கழற்றப் பார்த்தான்,
சேரவில்லை.
அடுத்த வாரம் என்றான்.

பஸ்சில் கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
"என்னம்மா, இஸ்திரிப் பலகையா?"
ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை மதியம்
பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தராசில் ஏறினேன்.
அறுபத்தைந்து.
செருப்பு காலில்தான் இருந்தது.
எதையும் கழிக்கவில்லை.